நாற்பத்தோரு இடம்

களியக்காவிளை பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்பக்கம்
வின்சிலாஸ் கடையில்
இரண்டு மொழிப் பத்திரிகையும் ஒரே கயிற்றில் தொங்கும்,
துணி காயப்போடுகிற கிளிப்பில்.
மழை வந்தால் இரண்டையும் ஒன்றாகச் சுருட்டுவார்.

ஐந்து வருடத்துப் பழைய தாளை
கிலோ பதினாலு ரூபாய்க்கு அவரிடமே வாங்கினேன்.
நெறியாளர் தந்த தலைப்பு நீளம்:
கலைத் தணிக்கைச் சட்டங்களும்
குற்றச்செய்தி மரபுகளில் பண்பாட்டு வேறுபாடும்.
"பேப்பர் படிக்கதுக்கா ஸ்காலர்ஷிப்பு?"
என்றாள் அம்மா.

றோஸ்லெட் செத்தது
வாவுபலிப் பொருட்காட்சி முடிந்து
ராட்டினத்தை இன்னும் கழற்றாத வாரம்.
குழித்துறைப் பாலத்துக்குக் கீழே, படித்துறையில்.

தமிழ்ப் பத்திரிகை அவளுக்கு
ஒரு காதலனையும் ஓர் அடைமொழியையும் கொடுத்தது.
கல்யாண ஆல்பத்துப் படத்தில்
கணவனை வெட்டி எடுத்திருந்தார்கள்.
தோளில் அவன் விரல்கள் நான்கு
வெட்டுக்குத் தப்பியிருந்தன.

மலையாளப் பத்திரிகை ஒதுக்கமாக எழுதியது.
வீட்டுப்பெயர், வயது, அப்பனுக்கு ரப்பர் வெட்டு,
அடக்கம் எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு.
மரியாதை என்று ஓரத்தில் குறித்தேன்.
மூன்றாம் முறை படித்தபோதுதான் தெரிந்தது,
எப்படிச் செத்தாள் என்பதே அதில் இல்லை.

ஒன்று, கேரளத்தில் வேலை பார்த்து வந்தவள் என்றது.
மற்றது, தமிழ்நாட்டுக்காரி என்றது.
ஆளுக்கொரு கை போட்டு
அவளை அந்தப் பக்கம் தள்ளியிருந்தார்கள்.

போர்டு எழுதுகிற யேசுவடியான் அவளை வரைந்தார்.
மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் மூன்று நாள் கண்காட்சி,
முதல் நாள் மதியமே புகார்.
பிரிவு இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஆபாசம்.
நாலு விரலோடு இருந்த அந்தத் தோள்
எத்தனையோ வீட்டில் காலைச் சாயாவோடு இறங்கியிருந்தது.
அதன்மேல் எந்தப் பிரிவும் பாயவில்லை.

"படம் காணணுமெங்கில் கோர்ட்டு ஓர்டர் வேணுமாக்கும்"
என்றார் நிலைய எழுத்தர்.
"சும்மா எட்டிப் பாக்கலாமா சார்?"
"எட்டிப் பாத்தாலும் பாத்ததுதானே மக்களே."
நான் படித்த தீர்ப்புகள் எதுவும்
இவ்வளவு தெளிவாக இல்லை.

ஆனாலும் கதவு பாதி திறந்துதான் கிடந்தது.
மணல் லாரியின் ஜாக்கி,
சீல் வைத்த ஸ்பிரிட் கேன்கள்,
சுவரைப் பார்த்து நிறுத்திவைத்த படம்.
முதுகு மட்டும் தெரிந்தது.
அயனிச் சட்டம். துருப்பிடித்த ஆணி.
கான்வாசுக்குக் காசில்லாமல்
பழைய ஃபிளெக்ஸின் வெள்ளைப் புறத்தில் வரைந்திருக்கிறார்.
அச்சுப் புறம் என்னைப் பார்த்தது:
பூப்புனித நீராட்டு விழா.
எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி,
பட்டும் ஒட்டியாணமும்,
சுற்றிலும் பதினோரு மாமன்மார் சிரிப்பு.
நாற்சந்தியில் எத்தனை நாள் நின்றாளோ.

ஆய்வேட்டில் றோஸ்லெட்டின் பெயர் பெ-7.
நெறிமுறைக் குழு அப்படித்தான் கேட்கும்.
காரணம் நல்ல காரணம், நானும் ஒப்புக்கொண்டவள்.
ராத்திரி பதினொன்றரைக்குக் கணினி கேட்டது:
நாற்பத்தோரு இடங்களில் மாற்றவா?
ஆம் என்று தட்டினேன்.
ஓவியத்தின் தலைப்பும் அவள் பெயர்தான்,
அதுவும் சேர்ந்து போயிற்று.

இங்கே எழுதியிருக்கிற றோஸ்லெட்டும்
அவள் பெயரில்லை.

நேற்று யேசுவடியான் கூப்பிட்டார்.
பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல், ஏதோ லாரிக்கு நம்பர் அடிக்கிறார்.
"புக்கு முடிஞ்சா பிள்ளே?
நம்ம படத்துக்க பேரு
தப்பில்லாம போட்டியா?"
கேக்கலை அண்ணே, சத்தமா இருக்கு என்றேன்.
அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
மறுபடி கேட்டார்.